ஒப்புநோக்கும் வேலை
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"அன்றாட வேலையில் நிறைவு காண்பது எப்படி?" என்பது எங்களுக்குத் தரப்பட்ட பொருள். பட்டப்படிப்பே முடியாத இளைஞருக்கு வேலையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று பெரியோர்கள் எண்ணலாம். எண்ணுவது நியாயமே. ஆனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். அதைக் கெடுத்தும் வைத்தோம். அந்த உரிமையோடு பேசுகிறோம்.

சென்ற ஆண்டு மலரை ஒப்புநோக்கும் பொறுப்பு எங்கள் மூவரிடம் விடப்பட்டது. கட்டுரை எழுதுவதும் மேடையிற் பேசுவதும் பெரும்பணி, எழுத்தெழுத்தாகப் பிழை பார்ப்பது வெறுங் கூலிவேலை என்பது எங்கள் நினைப்பு. தேநீர் குடித்தபடியே பக்கங்களைப் புரட்டி முடித்தோம். மறைந்த அங்கத்தவர் ஒருவரின் நினைவுக் குறிப்பிலே, பெயருக்கு முன்னுள்ள எழுத்து மாறிப் போயிற்று. நம் வழக்கில் அது தகப்பனாரின் பெயரல்லவா? மனிதர் வேறொருவருக்கு மகனாகிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவியார் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, சட்டம் போட்டு, விறாந்தையில் மாட்டியிருந்தார். பிழையும் கண்ணாடிக்குள்ளே இருந்தது. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி தந்தார்.

அன்று தொடக்கம் ஆறுமுக நாவலரை நாங்கள் வேறு கண்ணால் நோக்குகிறோம். மிஷன் பாடசாலையிற் கற்ற எங்களுக்கு அவர் ஒருவகையில் மூத்த மாணவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் படிக்கப் புத்தகம் வேண்டுமே! 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்திற் பேசி 'நாவலர்' பட்டம் பெற்றார். நாவுக்குக் கிடைத்த பட்டமே அவருக்குப் பெயராய் நிலைத்தது. அவருடைய கண்ணும் கையும் பட்ட பாட்டை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

அந்தப் பாடு எத்தகையது? ஏட்டுச் சுவடியிலே பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. ஓலை கிழியும் என்ற அச்சம். ஆகவே மெய்யோ உயிர்மெய்யோ, எகரமோ ஏகாரமோ, வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். ஏடுகளை ஒப்பிட்டு, எழுத்துக்கு எழுத்து ஒரு முடிவு செய்து, அதன்பின் ஈய அச்சைக் கோத்தவர் விட்ட பிழையையும் களைய வேண்டும். பாலபாடம் சிறுவருக்கு, அவர் பதிப்பித்த திருக்குறட் பரிமேலழகருரை புலவருக்கு. சிறுவர் புத்தகந்தானே என்று அவர் கண்ணயரவில்லை. ஓர் எழுத்துப் பிழைத்தால் அதையே மனப்பாடம் செய்யப்போகிற பிள்ளையை அவர் அறிவார்.

எங்களுக்கு அந்த வேலை சலித்ததற்குக் குற்றம் வேலையில் இல்லை. அந்தப் பக்கத்தை யார் வாசிப்பார் என்று ஒரு கணமும் நாங்கள் நினைக்கவில்லை. உத்தியோகம் கிடைக்கட்டும், வெளிநாடு போய்ச் சேருவோம், அப்போது பயனுள்ள வாழ்வு தொடங்கும் என்று எங்களில் அநேகர் காத்திருக்கிறோம். அதுவரை கைக்கு வரும் வேலையெல்லாம் வழியிலுள்ள தரிப்பிடம் என்றே எண்ணம்.

இவ்வாண்டு மலரில் அந்த நினைவுக் குறிப்பைத் திருத்தி மறுபடியும் வெளியிட அனுமதி கேட்டோம். "ஏன் தம்பியவை, போகட்டும்" என்றார் அம்மையார். ஆயினும் அச்சுக்குப் போகுமுன் தாளை எடுத்துச் சென்று, அவர் முன்னிலையில் எழுத்தெழுத்தாக வாசித்தோம். பெயருக்கு முன்னுள்ள எழுத்து வந்தபோது, "இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார்.