கைவிட்ட பொருளைக் காப்பது களவா?

(கோவையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பழைய கம்ப்யூட்டர்களின் புரோகிராமைப் பிரதி எடுப்பது திருட்டா என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

1984-ல் மத்திய சர்க்கார் 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி வடிவமைத்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது. செலவானது மக்கள் பணம். அந்தக் கம்பெனி 1990-களின் இறுதியோடு கலைந்துபோயிற்று. அக்காலப் புரோகிராம்கள் கேசட்டிலும் பிளாப்பியிலும் கிடந்து கெடுகின்றன. விற்பாரில்லை, கேட்பாரில்லை. உரிமை மட்டும் சாகவில்லை! புரோகிராமையும் இலக்கிய நூலாகக் கருதும் நமது சட்டம், எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை தருகிறது. காந்த நாடாவுக்கு அத்தனை ஆயுள் ஏது?

பூட்டிய மில்லிலிருந்து மிஷினைக் கழற்றினால் அங்கே மிஷின் இராது. புரோகிராமைப் பிரதி எடுத்தாலோ மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் நஷ்டம் யாருக்கு? விற்பனையிலுள்ள பொருளானால், உழைத்து எழுதியவனுக்கு நஷ்டம். அதை நாம் ஆதரிக்க முடியாது. உழைத்தவன் கூலியை எவர் பறித்தாலும் பறிப்புதான். ஆனால், விலைக்கே கிடைக்காத பொருளில் எந்தக் கூலி பறிபோகிறது?

பாரதியை நினைத்துப் பாருங்கள். 1921-ல் அவர் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை கைமாறிக் கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. மக்கள் குரல் எழுப்பினார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையைப் பெற்றது. பின்னர் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். ரகசியமாக அல்ல, பகிரங்கமாகவே பூட்டு திறந்தது.

இன்றும் வழி அதுவே. முறைப்படி புரோகிராமை வைத்திருப்பவர், அழிவிலிருந்து காக்கப் பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஊராருக்கு வழங்க இடமில்லை. 2012-ல் வந்த திருத்தம், லாப நோக்கற்ற பொது நூலகங்கள் நூல்களை மின்வடிவில் பாதுகாக்க அனுமதித்தது. ஆனால் நூலகத்திடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்க வேண்டுமாம்! பிளாப்பியிலேயே பிறந்த புரோகிராம் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

உரிமையாளர் மனம்வைத்தாலும் வழியுண்டு. ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரின் உரிமையை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் கம்பெனி, உரிமையை விட்டுக்கொடுக்காமலே, அதன் ரோம் புரோகிராமை வழங்க 1999-ல் அனுமதித்தது. அதனால் அது நொடித்துப்போகவில்லை.

ஆகவே, இளைஞருக்கு என் பதில் இது: அழியும் முன் காப்பாற்று. அதை வைத்துக் காசு பண்ணாதே. எழுதியவர் பெயரை அழிக்காதே. உரிமையாளர் வந்து கேட்டால் மதித்து நட. அத்தோடு நின்றுவிடாதே, பிளாப்பியையும் கேசட்டையும் காக்கும் உரிமை நூலகங்களுக்கு வேண்டுமென்று நம்மோடு சேர்ந்து குரல் கொடு!