மருந்து வேளையும் பேச்சு வேளைதான்



எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தை என்றதும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி, பிள்ளை பிழைக்குமா என்பதுதான். இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். அதன்பின் வெகுகாலம் அந்தக் கேள்விக்கு ஆறுதலான பதில் இல்லை. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. 2006 இறுதியில் குழந்தைகளுக்கான மருந்துத் திட்டமும் வந்தது. இன்று வேளை தவறாமல் மருந்து சாப்பிடும் பிள்ளை படிக்கலாம், வேலைக்குப் போகலாம், நெடுநாள் வாழலாம். அதனால்தான் இன்னொரு கேள்வியையும் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை நன்றாகப் பேசுகிறதா?

"அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்லி நாளைக் கடத்துவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்தக் குழந்தைகள் விஷயத்தில் அப்படிக் கடத்தக் கூடாது. எச்.ஐ.வி. வைரஸ் தொற்றிய சில நாட்களில், சில வாரங்களில் மூளைக்கும் போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்களுக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்கும். மூளை வேகமாக வளரும் பருவத்தில் இது நடப்பதால் நடை, கவனம், பேச்சு எல்லாமே பின்தங்கலாம். சொன்னதைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகூட, தான் நினைப்பதைச் சொல்லத் திணறலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அடிக்கடி சளி பிடிக்கும், காதில் சீழ் வடியும். காது மந்தமானால் பிள்ளை எதைக் கேட்டுப் பேசப் பழகும்?

இந்தப் பின்னடைவைத் தடுக்க முதல் வழி, தொற்றைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. தாய்க்குத் தொற்று இருந்தால், பிள்ளை பிறந்த ஆறாவது வாரத்திலேயே குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். தொற்று உறுதியானால் அன்றே சிகிச்சையைத் தொடங்குவது நல்லது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் சொவெட்டோவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கிய குழந்தைகளிடம், காத்திருந்து தொடங்கிய குழந்தைகளைவிட இறப்பு 76 சதவீதம் குறைந்தது. 2008இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆய்வில் கேப் டவுன் குழந்தைகளைப் பின்னர் சோதித்துப் பார்த்தபோது, சீக்கிரம் மருந்து பெற்றவர்களின் மூளை வளர்ச்சியும் மேலாக இருந்தது.

மருந்து மூளையைக் காக்கும். ஆனால் சொல்லைக் கற்றுக்கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும். இந்தக் குழந்தைகளின் வீடுகளில் பேச்சு அடங்கிப்போகப் பல காரணங்கள் உண்டு. அம்மாவுக்கே உடம்பு முடியாமல் இருக்கும். அப்பாவை இழந்த துக்கம் இருக்கும். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து பிள்ளையை வெளியே விடவே மாட்டார்கள். நோயின் பெயரை இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காக்கா, குருவி, சோறு, பேருந்து எல்லாவற்றையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அதற்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். மருந்து கொடுக்கும் நேரம் தினமும் வருகிறது. பேரனை மடியில் வைத்திருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி மாத்திரையைப் போடுகிறார். பிள்ளை எட்டிப் பார்க்கிறான். "பாத்தியா சாமி, கரையுது" என்கிறார். கொஞ்சம் பொறுக்கிறார். அவன் "கய்யு" என்கிறான். "ஆமா, கரையுது. குடிக்கலாமா?" என்று கேட்டு, மறுபடியும் பொறுக்கிறார். அவன் கையை நீட்டுகிறான். அந்த நீட்டலும் ஒரு பதில்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் பார்த்து ஒன்று சொல்வது, பிள்ளை பதில் தரும்வரை பொறுப்பது, அவன் சொன்னதைத் திருத்தமாகத் திருப்பிச் சொல்வது: பேச்சுப் பயிற்சியின் அடிப்படை இவ்வளவுதான். படிப்பறிவு இல்லாத பாட்டியும் இதைச் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்பது, பத்து மாதத்தில் பிள்ளை திரும்ப வேண்டும். ஒரு வயதையொட்டி விரல் நீட்டிக் காட்ட வேண்டும், ஓரிரு சொல்லாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர வேண்டும். இவை வராவிட்டாலோ, வந்த பேச்சு நின்றுபோனாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற குழந்தை வளர்ச்சிக்கான மாவட்ட மையங்கள் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம்.

எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையங்களில் பணியாற்றுவோருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பிள்ளைக்கு எடை பார்க்கிறீர்கள், ரத்தம் பார்க்கிறீர்கள். "புதுசா என்ன வார்த்தை சொல்றான்?" என்று வீட்டாரை ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கன்வாடி ஆசிரியர்களே, கூட விளையாடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது, கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலும் தொற்றாது. தொற்றைக் காரணம் காட்டிப் பிள்ளையை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டு வந்த எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. மற்ற பிள்ளைகளோடு சண்டை போட்டு, சேர்ந்து விளையாடித்தான் பேச்சு வளரும். அந்த வாய்ப்பை இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, பிள்ளை பேசும் சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.