துணைக்குச் செல்லுதல்

வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை என்று நாம் பலவாறு வழங்கும் சொற்களுள் வழித்துணை என்பதனையே இன்று எடுத்துக்கொள்கின்றேன். ஒருவர் தனியே செல்ல அஞ்சும் இடத்துக்கு இன்னொருவர் உடன் செல்வதே வழித்துணையாகும். கருவுற்றபின், அக்கரு தானாகவோ பிறர் செய்கையாலோ சிதைந்து, உயிருக்கு ஊறு நேரும் நிலையிலுள்ள ஒரு பெண்ணுடன் வைத்தியசாலை வாயில்வரை நடந்து செல்வோரைப் பற்றியே நான் பேச விரும்புகின்றேன். வானொலியிற் பேசத் தயங்கும் பொருள்தான் இது. ஆயினும், பேசாமையினாலேயே சில உயிர்கள் மாய்கின்றன என்பதனை எண்ணும்போது, தயக்கத்தை ஒதுக்குதல் கடமையாகின்றது.

மேனாடுகளில் இத்துணை ஓர் ஒழுங்கான தொண்டாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றத் தீர்ப்பினால் கருக்கலைப்பு உரிமையாக்கப்பட்டபின், அதனை எதிர்ப்போர் சிகிச்சை நிலையங்களின் முன்னே கூடி, வரும் பெண்களை வழிமறித்து ஏசலாயினர். அப்பெண்களை வண்டியிலிருந்து வாயில்வரை அழைத்துச் செல்வதற்கெனத் தொண்டர்கள் முன்வந்தனர். ஏசுவோருக்கு மறுமொழி கூறாது, பெண்ணோடு மெல்லப் பேசிக்கொண்டு நடப்பதே அவர்களுட் பலர் கைக்கொண்ட நெறி. இத்தொண்டு எளிதன்று. 1994ஆம் ஆண்டு யூலை மாதம் புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரில், யோன் பிரிட்டன் என்னும் வைத்தியரும், அவருக்குத் துணையாகச் சென்ற யேம்ஸ் பாரெட் என்னும் முதியவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாரெட்டின் மனைவி காயமுற்றார். 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இங்கிலாந்திலோ, 2024 ஒக்ரோபர் 31ஆம் திகதி முதல் இத்தகைய நிலையங்களைச் சூழ 150 மீற்றர் எல்லைக்குள் பெண்களை இடையூறு செய்தல் குற்றமாக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கு அத்தகைய நிலையங்கள் சட்டப்படி இயங்க இடமில்லை. ஆதலால் அவற்றின் வாயிலில் நிற்கும் தொண்டருக்கும் இடமில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமொன்றுக்காகவன்றி வேறெக்காரணத்துக்காகவும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. தனக்குத்தானே கருவைக் கலைக்கும் பெண்ணும் அப்பிரிவினுள் அடங்குவாள். அச்சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர் தம் நாட்டில் 1967ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் தளர்த்தினர். அயல்நாடாகிய இந்தியாவும் 1971இல் தளர்த்தியது. இங்கு, பலாத்காரத்தால் உண்டான கருவுக்கேனும் விலக்களிக்க வேண்டுமென 1995ஆம் ஆண்டில் பாராளுமன்றத்துக்கு வந்த பிரேரணை மீளப்பெறப்பட்டது. 2017இல் எழுந்த முயற்சியும் சமயத் தலைவர்களின் எதிர்ப்பினால் நின்றுபோயிற்று.

சட்டம் மாறவேண்டுமா, கூடாதா என்பதில் நேயர்களுக்குள்ளே கருத்து வேற்றுமை உண்டு என்பதனை அறிவேன். என் சொந்த எண்ணத்தைக் கேட்பின், பதினாறு வயது நிரம்பாத ஒரு மாணவி பலாத்காரத்துக்குள்ளாகிக் கருவுறும்போது, அவளுக்கு எவ்வித விலக்குமில்லை என்னும் சட்டம் நீதியானதென்று கூற, பாடசாலை அதிபராகிய எனக்கு நாவெழவில்லை. ஆயினும் அவ்வாதத்தை இன்று முடிக்க முற்படவில்லை. எக்கருத்தினரும் ஒருங்கே ஏற்கக்கூடிய ஒன்றுண்டு. அது, குருதி பெருகிக் காய்ச்சலுற்றுக் கிடக்கும் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும் என்பதாகும்.

இதன் அவசியத்தைச் சிறிது விளக்குதல் தகும். முறையற்ற கருவிகளாலோ, கள்ளத்தனமாக வாங்கிய மாத்திரைகளாலோ கரு சிதைக்கப்படும்போது, அதன் எச்சங்கள் கருப்பையில் தங்கிவிடுவதுண்டு. அங்கே கிருமி தொற்றினால் முதலில் வயிற்றுவலியும் காய்ச்சலும் காணும். பின்னர் தொற்று குருதியிற் பரவும். அந்நிலையில் ஒவ்வொரு மணித்தியாலமும் விலைமதிப்புடையது. காலத்தோடு சென்றால், கருப்பையைத் தூய்மை செய்து, கிருமிகொல்லி மருந்தும், வேண்டுமாயின் குருதியும் ஏற்றிப் பெரும்பாலோரைக் காப்பாற்றி விடலாம். தாமதித்தால் வைத்தியர் கைவிரிக்க நேரும். இலங்கையின் தாய்மரணக் காரணங்களுள் இது நெடுங்காலமாகவே இடம்பெற்று வந்துள்ளது. சிகிச்சை இல்லாமையினால் நேரும் மரணமன்று இது. பெரும்பாலும் அச்சத்தினால் நேரும் மரணம். பொலிசுக்கு அஞ்சி, ஊர்வாய்க்கு அஞ்சி, வீட்டின் மூலையிலே அவள் முடங்கிவிடுகிறாள். எவ்வாறு கரு சிதைந்தது என்னும் வினா வேறு, சிகிச்சை வேறு. நோயுற்று வந்தவளுக்குச் சிகிச்சை அளித்தல் வைத்தியசாலையின் கடமை.

துணைக்குச் செல்லுதல் நம் பகுதிக்குப் புதியதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய்மார் பலர் "பாதை" என நாம் வழங்கும் மிதவையிலேறியே இக்கரை சேர்ந்தனர். 2007 வரையுள்ள போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டியிருந்தது. படுவான்கரையில் நான் அறிந்த மூதாட்டி ஒருவர், எழுத்தறியாதவர், அக்காலத்தில் எத்தனையோ பெண்களுக்குத் துணையாக வாவியைக் கடந்தவர். "மகள், நானும் கூட வாறன்" என்பதன்றி அவர் வேறொன்றும் கேட்டதில்லை. யாருடைய பிள்ளை, எத்தனை மாதம் என்னும் வினாக்கள் அவர் வாயில் எழுந்ததேயில்லை. ஊரில் யாருக்கு என்ன நேர்ந்ததென்று பின்னாளில் அவரிடம் வினவியோர்க்கு, "எனக்கு ஞாபகமில்லை" என்பதே விடை. அவருடைய நினைவாற்றல் மிகக் கூர்மையானது என்பதை நான் நன்கறிவேன்.

1990களின் தொடக்க காலத்திலிருந்து மட்டக்களப்பு நகரிலே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், போரினாலும் வன்முறையினாலும் இடருற்ற பெண்களுக்கு உற்றதுணையாகப் பணிபுரிந்து வந்துள்ளது. கிராமந்தோறும் குடும்பநல மருத்துவமாதர் உள்ளனர். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். சிறுவருக்கு இழைக்கப்படும் கொடுமையை 1929 என்னும் இலக்கத்துக்கும், பெண்களுக்கு நேரும் இடரை 1938 என்னும் இலக்கத்துக்கும் தெரிவிக்கலாம். இவையெல்லாம் இருந்தும், முதலடி எடுத்துவைக்க ஒருவர் அருகில் வேண்டும்.

அவ்வாறு துணை செல்ல விரும்புவோர் மனங்கொள்ள வேண்டியவை சிலவுண்டு. முதலாவது, நியாயம் விசாரிக்கலாகாது. இரண்டாவது, உண்மையை வைத்தியரிடம் மறைக்குமாறு அவளைத் தூண்டலாகாது. உட்கொண்ட மருந்து இன்னதென அறிந்தாலன்றி வைத்தியர் விரைந்து செயற்படல் அரிது. மூன்றாவது, அவள் பேசக்கூடியவளாயின் அவளே பேசட்டும்; அவளுக்காக நாம் பேசுதல் துணையன்று, ஆட்சியாகும். நான்காவது, அடையாள அட்டை, மாற்றுடை, சிறிது பணம், திரும்பி வருவதற்கான வாகனம் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும். திரும்பும் வழியிலும் துணை வேண்டுமன்றோ? இறுதியாக, கண்டதையும் கேட்டதையும் நெஞ்சிலே பூட்டி வைத்தல் வேண்டும். ஒருத்தியின் மறைபொருள் ஊரறிய வெளிப்படுமாயின், அடுத்து இடருறும் பெண் எவரையும் அழையாள், வீட்டிலேயே இறந்துபோவாள்.

இத்தொண்டுக்குப் பட்டமும் பணமும் வேண்டியதில்லை. ஒரு பகலையோ ஓர் இரவையோ ஈந்து, வைத்தியசாலை வாங்கில் பொறுமையோடு அமர்ந்திருக்க இயன்றால் போதும். வாவியின் மீது அரசாங்கம் பாலம் அமைத்துவிட்டது. ஒரு பெண்ணின் வீட்டு வாயிலுக்கும் வைத்தியசாலை வாயிலுக்கும் இடையே இன்னும் கிடக்கும் அச்சத்தைக் கடக்க, அவளுடைய அயலவராகிய நாமே உடன் நடத்தல் வேண்டும்.