ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி: ஓர் ஊர் மக்கள் வாதாடிய கதை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு வரியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வரி என்றதும் "அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று சிலர் நினைப்போம். ஆனால் வீட்டு வரி ரசீதை பத்திரமா எடுத்து வைக்கிறது யாரு? நாமதான். கடையில் சாமான் வாங்கி, விலைக்குள்ளேயே இருக்கிற வரியைக் கொடுக்கிறது யாரு? அதுவும் நாமதான். கொடுக்கிறவங்க கேள்வி கேட்கத் தெரிஞ்சிருக்கணும்.

நம்ம குழுக்களில் டிபன் கடை, மெஸ், டீக்கடை நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் ஓட்டல் சாப்பாட்டு வரியையே எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அதே வருடம் நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களுக்கு 5 சதவீதம் ஆனது. இதையெல்லாம் மத்திய, மாநில அமைச்சர்கள் இருக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சில் பேசி முடிவு செய்கிறது. நம்ம ஊராட்சி தனியா ஓட்டல் சாப்பாட்டுக்கு ஒரு வரி போட முடியாது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பல இடங்களில் உள்ளூர் நிர்வாகமே ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி போடலாம். அப்படி ஒரு வரி வேணுமா வேண்டாமா என்று ஓர் ஊர் மக்களே வாதாடி ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கதையில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கேளுங்கள்.

அந்த இடத்தின் பெயர் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி. வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் பதினொன்றரை லட்சம் மக்கள். நிர்வாகம் செய்ய மக்கள் தேர்ந்தெடுத்த 10 பேர் கொண்ட ஒரு குழு. பள்ளிக்கூடம், தீயணைப்பு, போலீஸ், நூலகம் எல்லாவற்றுக்கும் அந்தக் குழுதான் பணம் ஒதுக்க வேண்டும். பொது வரவு செலவில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கே போகிறது. பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? வீடு, மனைக்கு மக்கள் கட்டும் சொத்து வரியிலிருந்து.

2016 நவம்பர் 8. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடந்த நாள். ஃபேர்ஃபாக்ஸ் மக்களுக்கு மட்டும் ஓட்டுச்சீட்டில் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது. ஓட்டல் சாப்பாட்டுக்கும் தயார் செய்து விற்கும் உணவுக்கும் 4 சதவீதம் வரை உள்ளூர் வரி போடலாமா, கூடாதா? வரும் பணத்தில் 70 சதவீதம் பள்ளிக்கூடங்களுக்கு, 30 சதவீதம் மற்ற சேவைகளுக்கும் சொத்து வரிச் சுமையைக் குறைக்கவும் என்று அந்தக் கேள்வியிலேயே எழுதியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 10 டாலருக்குச் சாப்பிட்டால், ஏற்கனவே இருந்த விற்பனை வரி 6 சதவீதம். அதாவது 60 சென்ட். புது வரி 40 சென்ட். இரண்டும் சேர்ந்து ஒரு டாலர். பத்துக்கு ஒன்று வரியாகவே போய்விடும்.

வேணும் என்றவர்கள் சொன்னது இது. "பள்ளிக்கூடத்துக்குப் பணம் போதவில்லை. பக்கத்து ஊரில் சம்பளம் அதிகம் என்று நல்ல ஆசிரியர்கள் போய்விடுகிறார்கள். எல்லாச் சுமையையும் சொத்து வரி தலையிலேயே வைத்தால், ஓய்வுபெற்ற பெரியவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள்? ஓட்டல் வரி என்றால் வெளியூரிலிருந்து வந்து சாப்பிட்டுப் போகிறவரும் ஒரு பங்கு கொடுப்பார். பக்கத்து ஊர்கள் பலவற்றில் இந்த வரி ஏற்கனவே இருக்கிறதே, அங்கே ஓட்டலெல்லாம் மூடியா போச்சு?"

நியாயமாத்தான் தெரியுது, இல்லையா? இப்போ மறுபக்கம் கேளுங்க.

வேண்டாம் என்றவர்கள் சொன்னது இது. "பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. அதற்கு ஓட்டல்காரன் மட்டும் ஏன் வரி வசூல் செய்து தரணும்? விலை ஏறினால் கூட்டம் குறையும். பரிமாறுகிறவர்கள் வாடிக்கையாளர் கொடுக்கும் அன்பளிப்பை நம்பித்தான் பிழைக்கிறார்கள், அது முதலில் குறையும். வெளியே சாப்பிடுகிறவன் எல்லாம் பணக்காரன் இல்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு, சமைக்க நேரமில்லாமல் பொட்டலம் வாங்கிப் போகிறவனும் அதே 4 சதவீதம் கட்டணும். பள்ளிக்கூடத்துக்கு 70 சதவீதம் என்கிறீர்கள் சரி, அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, வழக்கமாகக் கொடுக்கிற பணத்தை இந்தப் பக்கம் குறைத்துவிட்டால்?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள் சகோதரிகளே. அது வரியைப் பற்றிய கேள்வி இல்லை, நம்பிக்கையைப் பற்றிய கேள்வி.

முடிவு என்ன ஆச்சு? பாதிக்கு மேல் மக்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். வரி தோற்றது. அதற்கு முன்பு 1992இலும் இதே கேள்வியை வைத்திருக்கிறார்கள். அப்போதும் தோற்றது.

கதை இதோட முடியலை. வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகள் இந்த வரியைப் போடணும்னா, முதலில் மக்களிடம் ஓட்டு கேட்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2020இல் மாநில சட்டமன்றம் அந்தச் சட்டத்தை மாற்றியது. மக்கள் ஓட்டு கட்டாயம் இல்லை, நிர்வாகக் குழுவே முடிவு செய்யலாம், 6 சதவீதம் வரை போடலாம் என்று ஆனது. 2025இல் ஃபேர்ஃபாக்ஸ் குழு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. ஓட்டல்காரர்கள் வந்து பேசினார்கள், மற்றவர்களும் பேசினார்கள். பிறகு குழுவே ஓட்டெடுத்து 4 சதவீத வரியை நிறைவேற்றியது. 2026 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் சாப்பாடு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுக்கும் சாப்பாடு, முதியோர் இல்லச் சாப்பாடு இவற்றுக்கெல்லாம் மாநிலச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது.

இரண்டு முறை மக்கள் வேண்டாம் என்று சொன்ன வரி, மூன்றாம் முறை மக்கள் ஓட்டு இல்லாமலே வந்துவிட்டது. அந்த வரி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும் என்பதும் உண்மை, சின்னக் கடைக்குக் கஷ்டம் என்பதும் உண்மை. நமக்குப் பாடம் வேறு. முடிவு எடுக்கும் இடம் எங்கே இருக்கிறது, அது எப்போது இடம் மாறுகிறது என்று கவனிச்சுக்கிட்டே இருக்கணும். ஒருநாள் ஓட்டுப் போட்டுவிட்டு நிம்மதியா இருந்துட முடியாது.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று நினைக்காதீர்கள். நம்ம குழுவில் சந்தாவை 50 ரூபாயிலிருந்து 100 ரூபாய் ஆக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தால் என்ன செய்கிறோம்? "கூலி வேலைக்குப் போறவ எப்படிக் கட்டுவா?" என்று ஒருத்தி கேட்பாள். "அந்தப் பணம் உள்கடனுக்கா, வங்கியில சும்மா கிடக்கவா?" என்று இன்னொருத்தி கேட்பாள். "போன மாசக் கணக்கை முதல்ல வாசி" என்று மூன்றாமவள் சொல்வாள். பிறகுதான் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஃபேர்ஃபாக்ஸ் மக்கள் வாதாடியதும் இதே மூன்று கேள்விதான். யார் கொடுக்கிறது? எதுக்குப் போகுது? கணக்கு யார் காட்டுறது? எந்த வரி வந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சரியா இருந்தா மனசார கட்டுவோம். தெருவிளக்கும் குடிதண்ணீரும் சும்மா வராது.

நாம் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாட்கள் குறித்திருக்கிறார்கள். ஊராட்சிக்கு வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று வருமானம் இருக்கிறது. அந்த வரவு செலவைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். குழுவாகப் போங்கள், குழுவாக உட்காருங்கள், நாம் கேட்டது தீர்மானத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு மட்டும் சில வார்த்தை. நம் மாநிலத்தில் ஓட்டல், மெஸ் நடத்துகிறவர்களின் வருட மொத்த விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். மொத்த விற்பனை என்றால் கல்லாவில் விழும் முழுப் பணம், லாபம் இல்லை. வருடம் முழுக்கக் கடை திறந்தால், நாளுக்குச் சராசரி சுமார் 5,480 ரூபாய் வியாபாரம் அந்த அளவைத் தொட்டுவிடும். அதனால் தினசரி விற்பனையை நோட்டில் எழுதி வையுங்கள். பதிவு இல்லாத கடை வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு எடுத்தவர்களில் இணக்கமுறைத் திட்டத்தில் சேர்ந்த சிறிய ஓட்டல்கள் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர்களும் பில்லில் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. செல்போன் ஆப் வழியாக வரும் ஆர்டர்களுக்கு, 2022 ஜனவரி முதல் அந்த ஆப் நிறுவனமே வரியைக் கட்டுகிறது.

நாம் வெளியே சாப்பிடப் போகும்போதும் இது உதவும். பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் 15 இலக்கப் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் அந்த எண் 33 என்று ஆரம்பிக்கும். எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால், "இது எங்கே போகுதுங்க?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அது நம்ம பணம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உங்கள் ஊராட்சியில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டு வரி எவ்வளவு வசூலாச்சு, எந்தத் தெருவுக்குச் செலவாச்சு என்று ஒரே ஒரு கேள்வி போதும். எல்லாக் குழுவின் கேள்வியையும் தொகுத்து, வருகிற கிராம சபைக்கு எடுத்துப் போவோம்.