முட்டுக்காட்டிலிருந்து நம் பின்பக்க மனை வரை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பராமரிப்புக் கட்டண விஷயத்தை எடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பேசுங்க சார், நாலு பறவை போட்டோ காட்டுங்க, எல்லாரும் கொஞ்சம் சாந்தமா இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். போட்டோ காட்டுகிறேன். ஆனால் கடைசியில் நானும் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் வந்த புகார் தண்ணீர் லாரியைப் பற்றியது இல்லை. குயிலைப் பற்றியது. விடியற்காலை நாலரைக்கே கத்துகிறது, தூங்க முடியவில்லை என்று ஐந்து வீட்டிலிருந்து செய்தி வந்தது. அது ஆண் குயில். கறுப்பாக, கண் மட்டும் சிவப்பாக இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண் குயில் நம் வேப்பமரத்துக் காக்கைக் கூட்டை நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நமக்கு வசந்த காலம் என்று ஒன்று காலண்டரில்தான் உண்டு. மாசி முடிந்தால் நேராக வெயில். பறவைகளுக்கு அப்படி இல்லை. இந்தப் பங்குனி மாதம் அவற்றுக்கு ஒரே நேரத்தில் கல்யாண சீசன், ஊருக்குக் கிளம்புகிற சீசன் இரண்டும்.

இந்த இரண்டு படங்களையும் பாருங்கள். ஒன்று டிசம்பரில் கோவளத்தில் எடுத்தது, மற்றொன்று போன வாரம் அதே இடத்தில் எடுத்தது. முதலாவதில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை தீட்டிய மாதிரி ஒரு கறை. இரண்டாவதில் தலை முழுக்கக் காப்பிக் கொட்டை நிறத்தில் முகமூடி. இரண்டும் ஒரே இனம், பழுப்புத்தலைக் கடற்காக்கை. திபெத், லடாக் பக்கத்து உயரமான ஏரிகளில் முட்டையிடுவது. போகிற நேரம் வந்துவிட்டால் அதற்குத் தலை நிறம் மாறிவிடும். ஆரம்பத்தில் நானும் இதை இரண்டு பறவை என்று நோட்டில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன்.

சேற்றில் ஓடுகிற சின்னச் சின்ன உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இன்னும் வேடிக்கை. குளிர்காலத்தில் எல்லாம் சாம்பல், எல்லாம் ஒரே மாதிரி, பார்க்கிறவருக்குச் சலிப்பு. மார்ச் கடைசியில் போய்ப் பாருங்கள். மணல் உப்புக்கொத்திக்கு மார்பில் செம்பழுப்புப் பட்டை ஏறியிருக்கும். வளைந்த மூக்கு உள்ளான் செங்கல் நிறமாகிக்கொண்டிருக்கும். பாதி மாறி, பாதி மாறாமல், திட்டுத்திட்டாக. இது போகவேண்டியது சைபீரியாவின் வடகோடி. கைக்குள் அடங்குகிற உடம்பு. அதற்கு வழிச்செலவுக்கு வேண்டிய கொழுப்பை நம் ஓ.எம்.ஆருக்குப் பக்கத்துச் சேற்றில்தான் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த மாதத்தில் அவற்றை விரட்டாமல், நிம்மதியாகத் தின்ன விடவேண்டும் என்கிறோம். நாய் துரத்தினாலும் நாம் துரத்தினாலும் ஒவ்வொரு தடவை எழும்பிப் பறப்பதும் அதற்குச் செலவு.

எங்கே போகலாம் என்று கேட்பீர்கள். நமக்கு அதிர்ஷ்டம், எல்லாம் வண்டியில் போய்வரும் தூரம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தெரியும். சுமார் 1,248 ஹெக்டேர், 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பைமேடும் அங்கேதான், பூநாரையும் அங்கேதான், அதற்கு என்ன சொல்வது. நீளவால் இலைக்கோழிக்கு வால் வளர்ந்து தாமரை இலைமேல் மணப்பெண் மாதிரி நடப்பதைக் கோடை தொடங்கும்போது அங்கே பார்க்கலாம். அடுத்தது கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையோர உப்பங்கழி. முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துத் தண்ணீர் இறங்கினால் சேறு வெளியே தெரியும். அன்றைக்குப் போனால் விருந்து. கடல் பார்த்து அலுத்தால் உள்ளே தையூர், சிறுதாவூர் ஏரிப்பக்கம் திரும்புங்கள். வயல்வெளி மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கல், பறந்தால் நீல வாணவேடிக்கை. பஞ்சுருட்டான், கரிச்சான், மீன்கொத்தி எல்லாம் கணக்கே இல்லை.

வேடந்தாங்கல் இந்த மாதத்தோடு ஓய்ந்துவிடும், கூழைக்கடா, நத்தை குத்தி நாரைக் குஞ்சுகள் எல்லாம் பறக்கத் தொடங்கிவிட்டன. அந்த ஊர்க்காரர்கள் பறவைக்குத் தொந்தரவு என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

போட்டோ பற்றிக் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். லென்ஸ் விலையில் தொடங்காதீர்கள். முதலில் 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கி ஆறு மாதம் பாருங்கள். கேமரா கையில் இருந்தால் மூன்று விஷயம் போதும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள், அதாவது மணலில் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். நின்றுகொண்டு எடுத்த உள்ளான் படம் மாடியிலிருந்து எடுத்த குழந்தை படம் மாதிரிதான் வரும். மூன்றாவது, வெள்ளைக் கொக்கு. இருட்டான தண்ணீருக்கு முன்னால் கொக்கு நின்றால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு எல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள். பறக்கிறதை எடுக்க ஷட்டர் வேகம் 1/1600-க்குக் குறையவேண்டாம்.

எட்டரை மணிக்கு மேல் மூட்டை கட்டிவிடுங்கள். வெயில் ஏறினால் சேற்றுக்கு மேலே காற்று நெளியும். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் படம் கலங்கித்தான் வரும். இது தெரியாமல் நான் லென்ஸை இரண்டு முறை சர்வீஸுக்குக் கொடுத்தேன்.

இனி நான் பெருமைப்படாத ஒரு படம். திரையில் தெரிகிற இந்த ஆட்காட்டிக் குருவியை நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏரிக்கரையில் எடுத்தேன். கண் தெளிவு, வெளிச்சம் பிரமாதம், குழுவில் போட்டபோது நிறையப் பேர் பாராட்டினார்கள். அது ஏன் அவ்வளவு பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் காலிலிருந்து பத்தடியில் அதன் முட்டைகள் இருந்தன. கூடு என்று ஒன்றும் கிடையாது, தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிக் கூழாங்கல். முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். நான் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்தேன். பதினோரு மணி வெயில். இந்தப் பறவை சூடு தாங்க முடியாத நாட்களில் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், அப்படிக் குளிர வைக்கும். நான் இருந்ததால் அது வரவில்லை. நான் எழுந்து வண்டிக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். இரண்டு காக்கை இறங்கியிருந்தன. அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து கூட்டுப் பக்கம் கேமராவை எடுப்பதில்லை. போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் இல்லை. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி வரும், நமக்கு ஒரு படம்.

இப்போது நான் கேட்க வந்தது. நம் பி பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற காலி மனையை வரும் செவ்வாய்க்கிழமை ஜேசிபி வைத்துச் சமன் செய்து பார்க்கிங்குக்கு விடுவதாகப் போன கூட்டத்தில் முடிவு செய்தோம். நானும் கை தூக்கியவன்தான், என் காருக்கும் இடமில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர்க் குழாய் மூலையில், உடைந்த ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே, ஆட்காட்டி நாலு முட்டை வைத்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கத்துகிறதே என்று மூன்றாவது மாடி அம்மா கேட்டது இதைத்தான். பெருச்சாளியோ பூனையோ பக்கத்தில் வந்தால் அப்படிக் கத்தும்.

குஞ்சு பொரிக்க 28 முதல் 30 நாள் ஆகும். பொரித்த குஞ்சு அன்றைக்கே எழுந்து நடக்கும், ஒன்றிரண்டு நாளில் தாயும் தகப்பனும் அதை அங்கிருந்து நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆக, பார்க்கிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் 10 வரை தள்ளிப்போடுங்கள் என்கிறேன். அதுவரை அந்த மூலையில் நாலு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டினால் போதும், செலவு என்னுடையது. பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டால் ஏ பிளாக் மாடியிலிருந்து என் பைனாகுலரில் காட்டுகிறேன். கீழே இறங்கிப் போகவேண்டாம்.

இன்னொன்று சின்ன விஷயம். கிளப் ஹவுஸின் பின்பக்கக் கண்ணாடிச் சுவர். போன அக்டோபரில் ஒரு ஆறுமணிக் குருவி அதில் மோதி விழுந்தது, பலருக்கு ஞாபகம் இருக்கும், அத்தனை நிறமும் ஒரே குருவியில். ராத்திரி பயணம் செய்து விடியலில் இறங்குகிற பறவை அது. கண்ணாடியில் தெரிகிற மரத்தை மரம் என்றே நினைத்துவிடும். வடக்கே திரும்பிப் போகிற வழியில் அடுத்த மாதம் மறுபடி வரும். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் பயன் இல்லை. வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வேண்டும். விழுந்த பறவை கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி, இருட்டாக ஓரிடத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தெளிந்தால் தானே பறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு மெயின் கேட்டில் கூடி கேளம்பாக்கம் உப்பங்கழிக்குப் போகிறோம். தண்ணீர் பாட்டில், தொப்பி, சேறு பட்டால் பரவாயில்லாத செருப்பு. சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டை வேண்டாம். கேமரா இல்லாதவர்களும் வரலாம், சொல்லப்போனால் அவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள்.

அதற்கு முன்னால், அந்த மனை வேலையை ஏப்ரல் 10-க்குத் தள்ளிப்போட சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.