வாக்கும் அமானிதம், அதன் இரகசியமும் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

தேர்தல் முடிந்த மறுநாள், தொழுதுவிட்டு வெளியே வருபவரிடம் "யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கேட்பவர் கடை முதலாளியாகவும் கேட்கப்படுபவர் அக்கடையின் சிப்பந்தியாகவும் இருந்தால் அது வெறும் விசாரிப்பன்று.

"வாக்களிப்பது சாட்சியம் கூறுவது; சாட்சியத்தை மறைக்கக் கூடாதே, பிறகு இரகசியம் எதற்கு?" என்று இளைஞர் சிலர் என்னிடம் வினவினர். நல்ல வினா. வாக்கு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் பலர் கூறியிருப்பது உண்மையே. ஆயினும் சாட்சியத்திற்கு ஓர் இடமுண்டு. காழியின் சபையில் கூற வேண்டியதைத் தேநீர்க் கடையிலும் கூறு என்று எவரும் வற்புறுத்த முடியாது. வாக்குச்சாவடியில் பதிந்ததோடு அச்சாட்சியம் நிறைவேறிவிட்டது.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் நியமித்த அறுவர் குழுவில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் இரவு நேரங்களில் தனிமையிலேயே கலந்தாலோசித்தார்கள். உஸ்மான் (ரலி), அலி (ரலி) இருவரிடமும் தனித்தனியே பேசினார்கள். முடிவும் பைஅத்தும் மஸ்ஜிதில் பகிரங்கமாக நடந்தன. மனந்திறந்து பேசத் தனிமை வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் காக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தார் என்று கூறுமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. 2019 பொதுத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வைக்கப்பட்ட ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது, கையில் தருவதில்லை. தந்தால், பணம் கொடுத்தவன் வாசலிலேயே நின்று அதைக் கேட்பான்! வாக்கை விலைக்கு வாங்கியவனுக்குச் சரக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் செய்வதே இரகசியத்தின் பெரும் பயன்.

மாநிலங்களவைத் தேர்தலில் மட்டும் 2003இல் திறந்த வாக்கெடுப்பு வந்தது. கட்சியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் தம் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அவர் பிறர் சார்பில் வாக்களிப்பவர். கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். சாமானிய வாக்காளர் எந்த மனிதருக்கும் அவ்வாறு கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

தாமாக விரும்பிச் சொல்வதில் தவறில்லை என்பீர்கள். சட்டப்படி இல்லைதான். ஆனால் வாக்குகள் சாவடிவாரியாக எண்ணி வெளியிடப்படுகின்றன. ஒரு தெருவில் எல்லோரும் சொல்லிவிட்டால், வாய் திறவாதவர் யாருக்குப் போட்டார் என்பதைக் கழித்தே கண்டுபிடித்துவிடலாம். வீட்டுப் பெண்களிடம் துருவிக் கேட்பதையும் ஆண்கள் கைவிட வேண்டும். அவர்களின் வாக்கு அவர்களுடையது.

இறுதியாக நம் ஜமாஅத்தின் விஷயம். நிர்வாகிகளைக் கையுயர்த்தியே தேர்ந்தெடுத்து வருகிறோம். பள்ளிவாசல் கடையில் வாடகைக்கு இருப்பவர், முதவல்லி பார்த்துக்கொண்டிருக்கையில் அவருக்கு எதிராகக் கை உயர்த்துவாரா? அடுத்த தேர்தலில் அச்சடித்த சீட்டும், பூட்டிய பெட்டியும், ஒரு திரை மறைவும் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். செலவு மிகச் சொற்பம். பொதுக்குழு இன்றே இதை விவாதிக்க வேண்டுகிறேன். வஸ்ஸலாம்.