பத்தோடு நின்ற பிள்ளைக்கும் ஒரு கல்லூரி உண்டு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கூட்டத்தில், சமுதாயக் கல்லூரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்திருக்கிறீர்கள். நான் பேச வந்தது வேறொரு கணக்கு. பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ படிப்பு நின்று, வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் பொண்ணுங்களைப் பற்றியது. "ஃபெயிலாயிட்டா, இனிமே என்னங்க பண்றது? ஒரு நல்ல இடமா பார்த்துக் கட்டிக் கொடுத்திட வேண்டியதுதான்" என்று சொல்லும் அம்மாமார் நம் குழுக்களில் எத்தனை பேர்? அந்த அம்மாக்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் ஏதோ சாதிச் சங்கம் நடத்தும் கல்லூரி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லீங்க. ஒரு பகுதியில் உள்ள மக்களுக்கு, அந்தப் பகுதியிலும் பக்கத்திலும் கிடைக்கிற வேலைக்கு ஏற்ற தொழிலைக் குறைந்த காலத்தில் சொல்லிக் கொடுக்கிற இடம்தான் சமுதாயக் கல்லூரி.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901ல் வெறும் 6 மாணவர்களோடு இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. நம் பக்கம் 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996ல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டமும் தொடங்கின. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைத் துறவி இந்த முறையைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. 2013-14ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனியாக ஒரு திட்டம் கொண்டு வந்தது.

மற்ற கல்லூரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? படிப்பில் பின்தங்கியவர்கள், இடையில் நின்றவர்கள், வயது கடந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை ஆரம்பித்தார்கள். படிப்பு பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். அதில் நாலு பாகம் இருக்கும். முதலில் வாழ்க்கைத் திறன். ஆங்கிலம், பேச்சு, கணினி எல்லாம் இதில் அடக்கம். அடுத்தது தொழில் திறன். மூன்றாவது, ஒரு கடையிலோ நிறுவனத்திலோ நேரடிப் பயிற்சி. நாலாவது, வேலைக்குத் தயார் செய்வது. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் படிப்பு முழுமை ஆகாது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எலக்ட்ரானிக்ஸ்: நம் அடுப்படியில் இருந்தே ஆரம்பம்

எலக்ட்ரானிக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். 2011ல் இருந்து அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எத்தனை வீட்டில் பரணில் கிடக்கிறது? இட்லிக்கு உளுந்து கெட்டியாகப் போட்டு ஆட்டும்போது மிக்சி திடீரென்று நின்றுவிடும். "போச்சு" என்று தூக்கி வைத்துவிடுவோம். அதன் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் மோட்டார் கருகிவிடாமல் காப்பதற்காக அது தானே மின்சாரத்தை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, உள்ளே இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினால் பல நேரம் மறுபடி ஓடும். காற்றாடி மெதுவாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் கெபாசிட்டர் என்ற ஒரு சின்னப் பொருள் பலம் இழந்திருக்கும். எல்.இ.டி. பல்பு மொத்தமாக அணைந்துவிட்டதா? உள்ளே சின்னச் சின்ன விளக்குகள் சரம் போலக் கோர்த்திருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் முழுச் சரமும் அணைந்துவிடும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லித் தருகிறோம். மின்சாரம் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று அது காட்டிவிடும். ரெசிஸ்டர் மேல் இருக்கும் வண்ணக் கோடுகளை வைத்து அதன் அளவைப் படிக்கக் கற்றுக் கொடுக்கிறோம். சால்டரிங், அதாவது ஈயம் வைத்துப் பற்றவைப்பது, இதற்குக் கை நிதானம் வேண்டும். பூக்கட்டும் கை, கோலமிடும் கை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கூடவே பாதுகாப்பும் சொல்லித் தருகிறோம். பிளக்கைக் கழற்றாமல் எதையும் திறக்கக் கூடாது. கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இது தெரியாமல் கை வைத்தால் ஆபத்து.

ரோபோ என்றால் இரும்பு மனிதன் இல்லை

'எந்திரன்' படம் பார்த்துவிட்டு ரோபோ என்றால் மனுசன் மாதிரி நடக்கும், பேசும் என்று நினைக்கிறோம். இந்த வார்த்தை வந்த கதையே வேறு. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920ல் எழுதிய ஒரு நாடகத்தில் முதலில் வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. ஆண்டைக்குக் கூலியில்லாமல் செய்கிற வேலை. நம் பாட்டன் பாட்டிக்கு அந்த உழைப்பு என்னவென்று நன்றாகத் தெரியும்.

ரோபோவில் மூன்று விஷயம் இருக்கும். கண் மாதிரி ஒரு சென்சார். மூளை மாதிரி ஒரு கண்ட்ரோலர். கை கால் மாதிரி ஒரு மோட்டார். தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கிற தண்ணீர் மோட்டார் இருக்கிறதே, அதிலும் இந்த மூன்றும் உண்டு. வகுப்பில் ஆர்டுயினோ என்ற உள்ளங்கை அளவுப் பலகையை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். 2005ல் இத்தாலியில், எலக்ட்ரானிக்ஸ் தெரியாத மாணவர்களுக்காகவே உருவானது அது. மண்ணில் ஈரம் குறைந்தால் மணி அடிக்கிற கருவி, தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் சின்ன வண்டி, இவைதான் ஆரம்பப் பாடங்கள்.

"ரோபோ வந்தா மனுசனுக்கு வேலை போயிடுமே, அதைப் போய் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற இடங்கள் சில குறையத்தான் செய்யும். ஆனால் அந்த எந்திரத்தை நிறுத்தி வைக்க, சென்சாரைத் துடைக்க, கோளாறு எங்கே என்று பார்க்க ஆள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்துப் பொண்ணுங்கள் ஆயிரக்கணக்கில் பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. கம்பெனி வரும், போகும். நம்மோடு வீட்டுக்குத் திரும்பி வருவது கையில் இருக்கிற தொழில்தான். அதனால்தான் ஒரு கம்பெனிக்கு மட்டும் உதவுகிற வேலையைவிட, எந்த ஊரிலும் உதவுகிற திறமையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம்.

ஆங்கிலம் எதற்கு?

டிவியில் பேசுகிற மாதிரி பேசுவதற்கு இல்லை. முதல் தேவை படித்துப் புரிந்துகொள்ள. எந்திரத்தின் மேல் 'டேஞ்சர்' என்று எழுதியிருந்தால் கையை எடுக்கத் தெரிய வேண்டும். 'இன்புட்', 'அவுட்புட்' மாறிவிட்டால் பொருள் எரிந்துபோகும். அடுத்த தேவை, கேள்வி கேட்க. "ஐ டோன்ட் நோ, ப்ளீஸ் ஷோ மீ ஒன்ஸ்" என்று ஒரு பொண்ணு தைரியமாகச் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டி விரலை நசுக்கிக்கொள்ள மாட்டாள்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். வேலையில் சேரும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தை நீட்டுவார்கள். நிரந்தர வேலையா, 'டிரெயினி'யா, 'கான்ட்ராக்ட்'டா? சம்பளத்தில் பிடித்தம் என்ன? இடையில் நின்றால் பணம் கட்ட வேண்டுமா? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இதைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுவது, தொகை எழுதாத கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி. குழு நடத்தும் உங்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நல்ல கல்லூரியும் உண்டு, பெயர்ப்பலகை மட்டும் இருக்கிற இடமும் உண்டு. குழுக் கடன் வாங்கிக் கட்டுகிற பணம் வீணாகக் கூடாது. நேரில் போங்கள், பொண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள், இதைக் கேளுங்கள்.

1. சான்றிதழ் தருவது யார்? எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம்? இந்த வருடம் அங்கீகாரம் இருக்கிறதா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

2. சேர என்ன தகுதி? சில திட்டங்களில் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். சிலவற்றில் பத்தாவது தேறாதவர்களையும் சேர்ப்பார்கள்.

3. 'டிப்ளமோ' என்றால் எந்த டிப்ளமோ? பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படிக்கிற டிப்ளமோ வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் சமம் ஆகாது. இதை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

4. எத்தனை பிள்ளைக்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் கருவி? ரோபோவை வீடியோவில் காட்டுகிறார்களா, கையில் கொடுக்கிறார்களா?

5. நேரடிப் பயிற்சி எந்தக் கடையில், எந்தக் கம்பெனியில், எத்தனை வாரம்? பெண்களுக்குக் கழிப்பறையும் திரும்பி வரப் பஸ் வசதியும் உண்டா?

6. போன வருடம் படித்த பிள்ளைகளில் இரண்டு பேரிடம் பேச முடியுமா? இந்தக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

7. கட்டணம் மொத்தம் எவ்வளவு? ரசீது உண்டா? தவணையில் கட்டலாமா?

பக்கத்தில் நல்ல சமுதாயக் கல்லூரி இல்லையென்றால் வழி அடைந்துவிடவில்லை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். கிராமப்புற இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா திட்டப் பயிற்சியும் இலவசம். அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 2022ல் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்ற அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே ரோபோ சம்பந்தமான பிரிவுகளும் வந்திருக்கின்றன. உங்கள் வட்டார மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

குழு செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு குழுவிலும், படிப்பு நின்று வீட்டில் இருக்கும் பொண்ணுங்களின் பட்டியல் எடுங்கள். கல்யாணத்துக்குக் கடன் கேட்டால் உடனே கொடுக்கிறோம். படிப்புக்குக் கடன் கேட்டால் "திருப்பிக் கட்டுவாளா?" என்று யோசிக்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி தனியாகப் பஸ் ஏறுவது கஷ்டம் என்றால், ஒரே ஊரிலிருந்து மூன்று பேரைச் சேர்த்து அனுப்புங்கள். அப்பாவும் அண்ணனும் மறுத்தால், அம்மாவைத் தனியாகப் பேச விடாதீர்கள். குழுவாக அந்த வீட்டுக்குப் போங்கள். சாராயக் கடையை எதிர்த்துக் குழுவாகப் போன ஊர்கள் நம் மாவட்டங்களில் உண்டு. ஒரு பொண்ணோட படிப்புக்காகப் போக முடியாதா?

இன்னொன்றும் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது "எனக்கும் கத்துக்கணும்னு ஆசையா இருக்கே" என்று மனசில் தோன்றியிருந்தால், வெட்கப்பட வேண்டாம். பொண்ணைச் சேர்க்கப் போகிற அன்றைக்கு, வயது வரம்பு என்ன என்று உங்களுக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள்.